யாருக்குக் கட்டுப்பட்ட காவல்?

1943 அக்டோபர் 10ஆம் நாள் காலை, சிங்கப்பூரின் சாங்கி சிறைக்குள் ஜப்பானிய ராணுவப் போலீசார் நுழைந்தார்கள். அங்கே அடைத்து வைக்கப்பட்டிருந்த ஐரோப்பியக் குடிமக்களை வெளியே வரிசையில் நிறுத்திவிட்டு, அறை அறையாகத் துழாவினார்கள். பெயர் வாசித்துச் சிலரைக் கூட்டிப்போனார்கள். அதற்குப் பிந்திய மாதங்களில் சிறைக்குள்ளிருந்தும் நகரத்திலிருந்தும் இன்னும் பலர் பிடிபட்டார்கள். போருக்குப் பிறகு நீதிமன்றத்தில் வைக்கப்பட்ட குற்றச்சாட்டின் கணக்குப்படி, வதைக்கப்பட்டவர்கள் 57 பேர். அவர்களில் 15 பேர் இறந்துபோனார்கள்.

அவர்கள்மீது விழுந்த சந்தேகம் இதுதான். செப்டம்பர் 26 இரவு சிங்கப்பூர்த் துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் வெடித்தன. ஆஸ்திரேலியாவிலிருந்து ‘கிரெய்ட்’ என்ற பழைய மீன்பிடிப் படகில் வந்த 14 பேர் கொண்ட குழுவின் வேலை அது. அவர்களில் ஆறு பேர் மடக்குப் படகுகளில் துடுப்புப் போட்டு வந்து, கப்பல்களின் அடிவயிற்றில் காந்தக் கண்ணிகளை ஒட்டிவிட்டுப் போனார்கள். அத்தனை தொலைவிலிருந்து எதிரி வந்திருப்பான் என்று ஜப்பானியர்களுக்குத் தோன்றவில்லை. உள்ளூரில் ஒரு சதிவலை இருக்கிறது, அதன் கயிறு சாங்கி சிறைக்குள் போகிறது என்று முடிவு கட்டினார்கள். ஆங்கிலிக்கப் பேராயர் லெனர்ட் வில்சன், கணவரோடு சேர்ந்து மருத்துவமனைச் சிற்றுண்டிச்சாலை நடத்திவந்த எலிசபெத் சாய், பிரிட்டிஷ் அதிகாரி ராபர்ட் ஸ்காட் என்று பிடிபட்டவர்களில் ஒருவருக்கும் அந்த வெடிப்பில் பங்கில்லை.

பத்தாம் மாதம் பத்தாம் தேதி நடந்ததால் ‘இரட்டைப் பத்து வழக்கு’ என்று பெயர்பெற்ற அந்த விசாரணையின் கோப்பு லண்டனின் கியூவிலுள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. எண்: டபிள்யூ.ஓ. 235/891. அங்கே மேசைக்குப் பேனா கொண்டுபோக முடியாது, பென்சில் மட்டும்தான். தட்டச்சுத் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, நிறுத்தி நிறுத்திப் படித்தேன். 1946 மார்ச் 18 அன்று தொடங்கிய வழக்கில் 21 பேர் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள். முதல் பெயர் லெப்டினன்ட் கர்னல் சுமிதா ஹருசோ. அவருக்குக் கீழே வாரண்ட் அதிகாரிகள், சார்ஜன்ட்டுகள், மொழிபெயர்ப்பாளர்கள். ஏப்ரல் 15 அன்று தீர்ப்பு வந்தது. சுமிதா உட்பட எட்டுப் பேருக்கு மரண தண்டனை, ஏழு பேருக்கு விடுதலை, மற்றவர்களுக்குச் சிறை.

யார் யாரை எப்படி அடித்தார்கள், தண்ணீர் எப்படி ஊற்றப்பட்டது, விளக்கை அணைக்காமல் எத்தனை பேர் ஒரே அறையில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார்கள் என்பதெல்லாம் சாட்சியங்களில் விரிவாக இருக்கிறது. படிக்கப் படிக்க எனக்குள் வேறொரு கேள்வி பெரிதாகிக்கொண்டே வந்தது. ராணுவப் போலீஸ் என்பது ராணுவத்துக்குப் போலீஸ். தப்பியோடும் சிப்பாயைப் பிடிக்க வேண்டும், கொள்ளையடிக்கும் சிப்பாயைத் தடுக்க வேண்டும். ஒரு பேராயரையும் சிற்றுண்டிச்சாலை நடத்திய பெண்ணையும் மாதக்கணக்கில் அடைத்து வைக்கும் உரிமை அதற்கு எந்தக் காகிதத்திலிருந்து வந்தது? அந்தக் காகிதத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று கிளம்பினேன்.

கெம்பெய்தாய் எனப்பட்ட அந்த ஜப்பானிய ராணுவப் போலீசின் காகிதங்களைத் தேடுகிறவர் முதலில் சாம்பலைத்தான் சந்திப்பார். 1945 ஆகஸ்டில் சரணடைவு உறுதியானதும் ஜப்பானிய அரசும் ராணுவமும் தங்கள் ஆவணங்களை எரிக்கக் கட்டளையிட்டன. தோக்கியோவில் ராணுவத் தலைமையகம் இருந்த இச்சிகாயாவில் தாள்கள் குவியல் குவியலாக எரிந்தன. ரகசியங்களைச் சேர்ப்பதே தொழிலாக இருந்த ராணுவப் போலீசும் அவசரமாக எரித்தது. எனவே அந்த அமைப்பை, அது தானே எழுதிய தாள்களிலிருந்து அல்லாமல், அதைச் சுற்றி மற்றவர்கள் எழுதியவற்றிலிருந்தே முதலில் கட்டியெழுப்ப வேண்டியிருந்தது.

எனக்குக் கிடைத்த முதல் சட்டகம் எதிரியின் கையேடு. அமெரிக்கப் போர்த்துறை 1944 அக்டோபரில் ஜப்பானியப் படைகளைப் பற்றி ஒரு தடித்த கையேடு வெளியிட்டது. பிடிபட்ட தாள்களையும் கைதிகளின் வாக்குமூலங்களையும் வைத்துத் தொகுத்தது. அதில் ராணுவப் போலீசுக்கும் இடம் ஒதுக்கியிருந்தார்கள். மேலே ராணுவ அமைச்சர், அவருக்குக் கீழே ராணுவப் போலீசின் தலைமைத் தளபதி, அதற்குக் கீழே வட்டாரத் தலைமையகங்கள், பிரிவுகள், சிறு நிலையங்கள். படத்தைப் பார்த்தால் எந்த நாட்டு ராணுவத்துக்கும் பொருந்தும். ஆனால் அந்த அமைப்பு என்னென்ன செய்தது என்ற பகுதிக்கு வந்தால், பயண அனுமதி, உளவுத் தடுப்பு, தபால் தணிக்கை, ஆக்கிரமித்த ஊர்களின் குடிமக்கள்மீது கண்காணிப்பு என்று நீண்டுகொண்டே போகிறது. படத்துக்கும் பட்டியலுக்கும் நடுவில் ஒரு கண்ணி விடுபட்டிருந்தது.

அந்தக் கண்ணி ஜப்பானிலேயே, தீயிலிருந்து தப்பிய இடத்தில் இருந்தது. ரகசியக் கோப்புகளை எரிக்கலாம். அரசாணையாக வெளியிட்டு நாடு முழுக்க அனுப்பிய சட்டத்தை எரிக்க முடியாது. ஜப்பானின் தேசிய ஆவணக் காப்பகம் 2001இல் ஆசிய வரலாற்று ஆவணங்களுக்கென ஒரு மின்னணு மையத்தைத் தொடங்கியது. எந்த நாட்டிலிருந்தும் பழைய அரசு, ராணுவத் தாள்களின் படங்களை அதில் இலவசமாகப் பார்க்கலாம். ஜப்பானியம் நன்றாகப் படிக்கத் தெரிந்த ஒரு நண்பர் பக்கத்தில் இருந்து உதவ, 1881 மார்ச்சில் வந்த ராணுவப் போலீஸ் ஆணையை வரி வரியாகப் பார்த்தோம்.

ஆணை ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிடுகிறது. ராணுவப் போலீஸ் தரைப்படையின் ஒரு பிரிவு. படையினரின் குற்றங்களைக் கண்காணிப்பது அதன் வேலை. கூடவே நிர்வாகப் போலீஸ் வேலையையும் நீதித்துறைப் போலீஸ் வேலையையும் அது பார்க்கும். ராணுவ அமைச்சரின் கீழ் இருந்தாலும், கடற்படை விவகாரத்தில் கடற்படை அமைச்சருக்கும், நிர்வாகப் போலீஸ் விவகாரத்தில் உள்துறை அமைச்சருக்கும், நீதி சார்ந்த விவகாரத்தில் நீதித்துறை அமைச்சருக்கும் பதில் சொல்ல வேண்டும். அதாவது நான்கு எஜமானர்கள். தொடக்கத்தில் தோக்கியோவில் 349 பேர்தான் இருந்தார்கள். குடிமக்கள்மீதான அதிகாரம் போர்க்காலத்தில் யாரோ திருடிக்கொண்டது என்று நினைத்துத் தேடியவனுக்கு, அது பிறக்கும்போதே கையில் கொடுக்கப்பட்டிருந்தது என்ற செய்தி கிடைத்தது.

இதில் ஜப்பானியர்கள் புதிதாக எதையும் உருவாக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மாதிரி பிரான்சிலிருந்து வந்தது. அங்கே ‘ழாந்தார்மெரி’ எனப்படும் படை 1791இலிருந்து அந்தப் பெயரில் இயங்குகிறது. ராணுவ அமைப்பு, ராணுவப் பதவிகள், ஆனால் அன்றாட வேலை நாட்டுப்புறக் காவல். இத்தாலியின் கராபினியேரியும் இதே இனம். பிரான்சின் கிராமத்துச் சாலையில் வண்டியை நிறுத்திச் சோதிக்கும் காவலர் பெரும்பாலும் சட்டப்படி ஒரு ராணுவ வீரர்தான். 2009இலிருந்து அந்தப் படை உள்துறை அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. ஆகவே சிப்பாய் குடிமக்களுக்குக் காவல் பார்ப்பதாலேயே எல்லாம் கெட்டுவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். சிவில் அமைச்சர்களின் பிடி நிஜமாகவே இறுகியிருக்கிறதா என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அதைச் சோதித்துப் பார்க்க ஒரு பழைய வழக்கு போதும். 1923 செப்டம்பர் 1 அன்று காந்தோ சமவெளியைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. ராணுவச் சட்டம் அமலில் இருந்த அந்த நாட்களில், செப்டம்பர் 16 அன்று, கெம்பெய்தாய் கேப்டன் அமகாசு மசாஹிகோவின் ஆட்கள் அராஜகவாதச் சிந்தனையாளர் ஓசுகி சகாயேவையும், எழுத்தாளர் இதோ நோயேவையும், ஓசுகியின் ஆறு வயது மருமகனையும் பிடித்துப் போனார்கள். மூவரும் கொல்லப்பட்டார்கள். குழந்தையின் சாவு நாட்டைக் கொதிக்கவைத்தது. அமகாசுவை விசாரித்தது சிவில் நீதிமன்றம் அல்ல, ராணுவ நீதிமன்றம். பத்தாண்டுச் சிறை என்று தீர்ப்பு. மூன்றாண்டில் வெளியே வந்துவிட்டார். பிறகு மஞ்சூரியாவுக்குப் போய் அங்கே ஜப்பானியர்கள் நடத்திய திரைப்பட நிறுவனத்தின் தலைவரானார். நான்கு அமைச்சர்களில் ஒருவருடைய கையும் அங்கே நீளவில்லை. ஜப்பானின் தலைநகரத்திலேயே, செய்தித்தாள்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இதுதான் நிலை.

மஞ்சூரியா என்றதும் இன்னொரு தடயம். ஆக்கிரமிக்கப்பட்ட மஞ்சூரியாவின் தலைநகரமாக இருந்த சாங்சுன் நகரில், அங்கிருந்த ஜப்பானியப் படையான குவாந்துங் படையின் ராணுவப் போலீஸ் தலைமையகம் இருந்தது. பின்னாளில் பிரதமரான தோஜோ ஹிதேகி 1935இலிருந்து 1937 வரை அங்கே தளபதியாக இருந்தார். சோவியத் படை நெருங்கியபோது எல்லாவற்றையும் எரித்து முடிக்க நேரமில்லை. மிச்சத்தை மண்ணில் புதைத்தார்கள். 1953இல் அங்கே கட்டுமான வேலைக்குத் தோண்டியபோது அந்தத் தாள்கள் வெளியே வந்தன. இன்று அவை ஜிலின் மாகாண ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 2014இல் அவற்றில் ஒரு பகுதியை அந்தக் காப்பகம் வெளியிட்டது.

வெளியானவற்றில் எனக்கு மிகவும் உதவியவை மாதாந்தரத் தபால் தணிக்கை அறிக்கைகள். பிரித்துப் படித்த கடிதங்களிலிருந்து ஆட்சேபத்துக்குரிய வரிகளைப் பிரதியெடுத்து, எழுதியவர் யார், பெறுபவர் யார், கடிதத்தை என்ன செய்தார்கள் என்று கட்டம் போட்டு எழுதியிருக்கிறார்கள். அந்தக் கட்டங்களில் ஜப்பானியச் சிப்பாய்களும் இருக்கிறார்கள். வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் போரின் நிஜத்தை ஒருவன் சொன்னால், அந்த வரி அறுக்கப்படுகிறது. ராணுவத்துக்குள்ளே ஒழுங்கு காப்பதும் வெளியே மக்களைக் கண்காணிப்பதும் அந்த மேசையில் இரண்டு வேலைகள் அல்ல. ஒரே பதிவேடு, ஒரே கை.

இனி மலாயா. இங்கே எனக்குக் கிடைத்த சாட்சி ஒரு தமிழ்க் குடும்பத்து மருமகள். மேடானில் பிறந்த சிபில், ஈப்போவில் மருத்துவம் பார்த்துவந்த தமிழரான டாக்டர் கார்த்திகேசுவின் மனைவி, மருத்துவத் தாதி. ஆக்கிரமிப்பு தொடங்கியதும் குடும்பம் ஈப்போவுக்கு அருகே ஒரு சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. ஜப்பானிய எதிர்ப்புப் போராளிகளுக்கு இரவில் ரகசியமாகச் சிகிச்சை செய்தார்கள். மறைத்து வைத்த ரேடியோவில் பிபிசி கேட்டார்கள். 1943இல் கெம்பெய்தாய் சிபிலைக் கைது செய்தது. அவர் வாய் திறக்காததால், அவருடைய கண்முன்னாலேயே சின்ன மகளை மரத்தில் கட்டித் தொங்கவிட்டுக் கீழே நெருப்பு மூட்டினார்கள். அப்போதும் அவர் பெயர்களைச் சொல்லவில்லை. போர் முடிந்து விடுதலையானபோது நடக்க முடியாத நிலை. சிகிச்சைக்காக பிரிட்டனுக்குக் கொண்டுபோனார்கள். ஜார்ஜ் பதக்கம் பெற்றார். 1948 ஜூனில் அங்கேயே காலமானார். அவருடைய நினைவுக்குறிப்பு 1954இல் ‘நோ டிராம் ஆஃப் மெர்சி’ என்ற நூலாக வந்தது.

அந்த நூலை நான் துயரக் கதையாக மட்டும் படிக்கவில்லை. எந்தப் பதவிக்காரர் எதைத் தீர்மானித்தார் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே போனேன். சிபிலை வதைத்து விசாரித்தவர் ஒரு சார்ஜன்ட். ஒரு பெண்ணின் உயிரும் ஒரு குழந்தையின் உயிரும் ஒரு சார்ஜன்ட்டின் கையில் இருந்தன. இரட்டைப் பத்து வழக்கின் கூண்டிலும் பெரும்பாலானவர்கள் அதே அடுக்குதான். நீதித்துறை அமைச்சர் என்றொருவர் ஆணையில் இருக்கிறாரே, ஈப்போவில் அவருடைய ஆள் யார்? எந்த நீதிபதியிடம் சிபிலைக் கொண்டுபோய் நிறுத்தி, இவரைக் காவலில் வைக்கலாமா என்று கேட்டிருக்க வேண்டும்? எந்தத் தாளிலும் அப்படி ஒருவர் இல்லை.

நமக்குத் தெரிந்த ராணுவப் போலீசை இந்த இடத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது உதவும். இந்திய ராணுவத்தின் போலீஸ் பிரிவைச் சிவப்புத் தொப்பி, வெள்ளைக் கச்சை, ‘எம்.பி.’ என்ற கைப்பட்டையோடு நாம் பார்த்திருக்கிறோம். வாகன வரிசைகளை வழிநடத்துவது, படைவீரர்களின் ஒழுங்கைக் காப்பது, போர்க்கைதிகளைக் கையாளுவது, படைக்குள் நடக்கும் குற்றங்களை விசாரிப்பது அதன் வேலைகள். பெங்களூரில் அதன் பயிற்சி மையம் இருக்கிறது; 2021 மே மாதம் முதல் பெண்கள் அணியாக 83 பேர் அங்கே பயிற்சி முடித்தார்கள். 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 107ஆம் பிரிவு அந்தப் பிரிவின் எல்லையை வகுக்கிறது. அந்தச் சட்டத்துக்கு உட்பட்டவரைத்தான் அது கைது செய்யலாம். அதிகாரி ஒருவரைப் பிடிக்க வேண்டுமானால் இன்னொரு அதிகாரியின் கட்டளை வேண்டும். ராணுவ நீதிமன்றம் விதித்த தண்டனையை நிறைவேற்றலாம். தானாக எந்தத் தண்டனையும் கொடுக்கக் கூடாது. இன்றைய ஜப்பானின் தற்காப்புப் படையிலுள்ள காவல் பிரிவுக்கும் வேலை அந்தப் படை சார்ந்த குற்றங்களோடு நின்றுவிடுகிறது. 1881 ஆணையில் ‘கூடவே’ என்று ஒட்டிய வேலைகளை இவர்கள் ஒட்டவே இல்லை.

விடுபட்ட கண்ணியின் இரண்டாம் பாதி, சிங்கப்பூர் வீழ்ந்த வாரத்தின் தாள்களில் கிடைத்தது. கோப்பு எண் டபிள்யூ.ஓ. 235/1004. சிங்கப்பூர்ச் சீனர்களைக் கொன்று குவித்த சூக் சிங் படுகொலை வழக்கு. உள்நாட்டில் இருந்த ராணுவப் போலீஸ், அமைச்சர்களின் ஆணைக்கு உட்பட்டது. போர்முனைக்குப் போன ‘கள ராணுவப் போலீஸ்’ அப்படியல்ல. அது அந்தந்தப் படைத் தளபதியின் நேரடிக் கட்டளையில் இயங்கியது. உள்துறை அமைச்சரும் நீதித்துறை அமைச்சரும் கடலுக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டார்கள். அவர்கள் விட்டுப்போன குடிமக்கள் காவல் வேலை மட்டும் கப்பலேறி வந்துவிட்டது. என் தேடலில் நான் கண்டெடுத்த மிக முக்கியமான செய்தியாக இதைத்தான் கருதுகிறேன்.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் சரணடைந்தது. ஜப்பானியத் தளபதி யமாஷிதா தன் படையின் பெரும்பகுதியை நகருக்குள் விடவில்லை. சிப்பாய்கள் கொள்ளையில் இறங்கிவிடக் கூடாது என்பதற்காக முதலில் ராணுவப் போலீசை அனுப்பினார். ஒரு ராணுவப் போலீஸ் செய்ய வேண்டிய சரியான வேலை அது. மூன்றே நாளில், பிப்ரவரி 18 அன்று, அதே யமாஷிதா காவல்படைத் தளபதி கவாமுரா சபுரோவுக்குக் கட்டளையிட்டார்: சீனர்களில் ஜப்பானுக்கு எதிரானவர்களைப் பொறுக்கியெடுத்து ஒழித்துக்கட்ட வேண்டும். நகருக்குள் அதை நடத்தியது லெப்டினன்ட் கர்னல் ஓயிஷி மசாயுகியின் இரண்டாம் கள ராணுவப் போலீஸ்.

ஓயிஷியிடம் இருந்த சொந்த ஆட்கள் ஏறத்தாழ 200 பேர்தான். காலாட்படையிலிருந்து சுமார் 1,000 பேரைத் துணைக்குக் கொடுத்தார்கள். விசாரணை என்ற சொல்லோடு எந்தப் பழக்கமும் இல்லாத சிப்பாய்கள் ஒரே நாளில் துணைப் போலீஸ் ஆனார்கள். 18 வயதிலிருந்து 50 வயது வரையிலான சீன ஆண்கள் குறித்த இடங்களில் கூட வேண்டும் என்று உத்தரவு. முகமூடி அணிந்த உளவாளிகள் தலையசைத்தால் போதும். விடுவிக்கப்பட்டவருக்கு முத்திரை, மற்றவர் லாரியில் ஏற வேண்டும். லாரிகள் சாங்கி, பொங்கோல் கடற்கரைகளை நோக்கிப் போயின.

எரிக்கப்பட்ட ஆவணங்களுக்கு நடுவே தப்பிய ஒரு தாள் இங்கே பேசுகிறது. கவாமுராவின் நாட்குறிப்பு. பிப்ரவரி 23 அன்று ராணுவப் போலீஸ் பிரிவுத் தலைவர்கள் வந்து சொன்ன எண்ணிக்கையைக் கூட்டி, 5,000 பேர் என்று எழுதியிருக்கிறார். சிங்கப்பூர்ச் சீனச் சமூகம் சொல்லும் எண்ணிக்கை 50,000 வரை போகிறது. அந்த நாட்குறிப்பை நான் எண்ணிக்கைக்காக மட்டும் பார்க்கவில்லை. போலீஸ் பிரிவுத் தலைவன் கொன்றவர்களின் கணக்கைக் கொண்டுபோய்ச் சொல்லும் இடம் படைத் தளபதியின் மேசை என்பதை அது தேதியோடு காட்டிவிட்டது. நீதிமன்றம், வழக்கறிஞர், பதிவாளர் என்று நடுவில் ஒரு நாற்காலிகூட இல்லை.

முன்னாள் ராணுவப் போலீசாரும் பிற்பாடு எழுதினார்கள். அவர்களுடைய நாடு தழுவிய சங்கம் 1976இல் தங்கள் படையின் வரலாற்றைப் பெருநூலாக வெளியிட்டது. அடுத்த ஆண்டு, சூக் சிங் வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற ஓனிஷி சதோரு, அந்தப் படுகொலையைப் பற்றியே தனி நூல் எழுதினார். தங்கள் தரப்பைச் சொல்லும் நூல்களை அப்படியே ஏற்க முடியாது. ஆனால் எந்தப் பிரிவு எங்கே இருந்தது, யார் தலைவர், யார் யாருக்குக் கீழே என்ற விவரங்களில் உள்ளிருந்தவர்களுக்கு நிகர் இல்லை. வழக்குக் கோப்பில் வெறும் பெயராக நிற்பவர்களை அடுக்கில் சரியான இடத்தில் வைக்க இவை உதவின.

ஓயிஷிக்கு மேலே கோடு போட்டுக்கொண்டு போனபோது ஒவ்வொரு பெயரையும் தேடிப் பார்த்தேன். 1947 மார்ச் 10 அன்று விக்டோரியா நினைவு மண்டபத்தில் வழக்கு தொடங்கியபோது ஏழு பேர் நின்றார்கள். கவாமுராவுக்கும் ஓயிஷிக்கும் மரண தண்டனை, மற்ற ஐவருக்கும் ஆயுள். ஜூன் 26 அன்று இருவரும் தூக்கிலிடப்பட்டார்கள். கட்டளையிட்ட யமாஷிதா அந்தக் கூண்டில் நிற்கவில்லை; பிலிப்பைன்ஸில் நடந்தவற்றுக்காக அங்கேயே 1946 பிப்ரவரியில் தூக்கிலிடப்பட்டிருந்தார். அந்தக் கட்டளைக்கு விவரம் சொன்ன தலைமை அதிகாரி சுசுகி சோசாகு 1945இலேயே போரில் இறந்துவிட்டார். நிலையம் நிலையமாகப் போய், வேகம் போதாது என்று முடுக்கிய அதிகாரி ட்சுஜி மசநோபு, சரணடைவின்போது தாய்லாந்தில் தலைமறைவானார். கைதாகும் ஆபத்து நீங்கியதும் வெளியே வந்து நூல்கள் எழுதினார். 1952இல் ஜப்பானிய நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.